நடக்கும் கிணற்றின் சமன்பாடு

உவர்க்குடியின் நல்ல தண்ணீர்க் கிணறு மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தன் இடத்தை விட்டுப் புறப்பட்டது. சுற்றுச்சுவர், கப்பி, கயிறு, கயிற்றின் நுனியில் ஆடிய தகர வாளி, சுவர்மேல் உட்கார்ந்திருந்த காகம் என்று தனக்குரிய எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வடகிழக்காக நாற்பத்திரண்டு தப்படி நடந்து, கால் மணி நேரத்தில் நின்றுகொண்டது. காகம் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது என்பார் உண்டு. கடைசிவரை கூடவே வந்தது என்பாரும் உண்டு. மற்றபடி அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஊருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

தண்ணீர் இறைக்க நின்ற வரிசை கலையவில்லை. வடக்குத் தெருப் பெண்கள் முன்னால், தெற்குத் தெருப் பெண்கள் பின்னால் என்று கிணறு வெட்டிய நாளிலிருந்து இருந்துவந்த ஒழுங்கு, குடங்களை இடுப்பில் ஏந்தியபடி கிணற்றின் பின்னாலேயே நடந்து, கிணறு நின்றதும் தானும் நின்றது. கிணறு விட்டுப்போன இடத்தில் பள்ளம் இல்லை, ஈரம் இல்லை. அங்கே எந்தக் காலத்திலும் கிணறு இருந்ததில்லை என்பதுபோலத் தரை மூடிக்கொண்டு, மறுநாள் காலையில் ஒரு நெருஞ்சிச் செடியையும் முளைக்க விட்டிருந்தது.

"எங்கட்டி போகுது இது?" என்று கேட்டாள் வடக்குத் தெரு சண்முகக்கனி.

"அதுக்கு என்ன சோலியோ. போய்ட்டு வரட்டும்" என்றாள் அடுத்து நின்றவள்.

கிணறு வரவில்லை. மறுநாளும் அதே மூன்று மணிக்கு அதே திசையில் நாற்பத்திரண்டு தப்படி போயிற்று. அதற்கு அடுத்த நாளும் போயிற்று. வழியில் சுவர் இருந்தால் சுவர் திரைச்சீலைபோல விலகிப் பிறகு சேர்ந்துகொண்டது. அப்படித்தான் ஒரு நாள் முழுக்கக் கிணறு சண்முகக்கனியின் அடுப்படியில் நின்றது. செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று அவள் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள், வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் குழம்பில் என்ன மீன் என்பது தெரிந்துவிட்டது. செல்லத்துரை தன் டீக்கடையைத் தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டு கிணற்றோடு போகத் தொடங்கினார். யார் பட்டா நிலத்தில் கிணறு நிற்கிறதோ அவர் அன்றைக்கு அதற்கு உரிமை கொண்டாடியதால், பஞ்சாயத்துத் தலைவர் தவசிக்கனி, கிணறு ஊருக்குச் சொந்தம் என்றும் அது நிற்கும் இடம் அது நிற்கும் வரைக்கும் ஊருக்குச் சொந்தம் என்றும் ஒரு தீர்மானம் போட்டார். எதிர்த்து ஒரு ஓட்டும் விழாத தீர்மானம் எங்கள் பஞ்சாயத்தில் அது ஒன்றுதான்.

இப்படி மூன்றே நாளில் ஊர் கிணற்றின் நடைக்குப் பழகிவிட்டது. பழகாதவள் ஒருத்தி இருந்தாள்.

வியாகம்மாள் தெற்குத் தெருக்காரி, உப்பளத்தில் உப்பு வாருகிறவள், முப்பத்தாறு வயது. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது இந்தக் கிணறு கிடையாது. நல்ல தண்ணீருக்கு நெடுஞ்சாலைத் தொட்டிவரை நாலு மைல் நடக்க வேண்டும், நடப்பதற்கு வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும். ஒருநாள் வாத்தியார் கரும்பலகையில் 'இரு புள்ளிகள் வழிச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாடு' என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தபோது, அவளுடைய சித்தி ஜன்னலுக்கு வெளியே குடத்தோடு வந்து நின்றாள். வியாகம்மாள் எழுந்து போனாள். பிறகு அந்த வகுப்புக்குத் திரும்பவில்லை. மூன்று வருடம் கழித்து, யாரும் எதிர்பாராதபடி, உவர்க்குடி மண்ணுக்கு அடியில் இனிப்பான ஊற்று ஒன்று அகப்பட்டுக் கிணறு வெட்டியபிறகுதான் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள். வியாகம்மாளின் மகள் டெய்சி இப்போது எட்டாம் வகுப்பு.

கிணறு போகிற திசையில் உப்பளம் இருக்கிறது; உப்பளம் முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது. கடலுக்குள் இறங்கிய கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்க முடியாது என்பதை வியாகம்மாள் மூன்றாம் நாளே கணக்குப் போட்டுவிட்டாள். கிணறு போனால் குடம் வரும், குடம் வந்தால் டெய்சி எழுந்து போவாள். இதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

இதுதான் சமயமென்று சொல்ல வேண்டிய இன்னொன்று: அவள் அந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதிக்கொண்டிருந்தாள். மற்றப் பாடமெல்லாம் தேறியாயிற்று. கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள், இரண்டு முறையும் அதே அத்தியாயத்தில்.

*

நாலாம் நாள் கிணறு நின்றது. நிறுத்தியது செல்லத்துரையின் பெஞ்சு. வெயிலுக்கு இடம் மாற்றி அவர் தற்செயலாகக் கிணற்றின் வழியில் குறுக்கே போட்டிருந்த பெஞ்சுக்கு முன்னால், மூன்று மணிக்குப் புறப்பட்ட கிணறு இரண்டு தப்படி வந்து, தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும் பிள்ளையைப்போல மாலைவரை நின்றது. அந்தப் பெஞ்சு அவர் படுத்துறங்குகிற பெஞ்சு. ஆகவே கடை கட்டும்போது வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். மறுநாள் கிணறு நடந்தது. அதற்கு மறுநாள் ஊரே பெஞ்சோடு வந்தது. இப்படி வை, அப்படி வை, இன்னும் கொஞ்சம் திருப்பு என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிப் பெஞ்சைப் போட்டார்கள். கிணறு அதை உரசி வழுக்கிக்கொண்டு போயிற்று. கிணறு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் நடக்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் தோற்க முடிந்தது. நாலு நாள் தோற்றபிறகு பெஞ்சின் ஒரு கால் உடைந்தது.

"கணக்கு சார் என்ன சொல்லுதாரு?" என்று தவசிக்கனி கேட்டார்.

கணக்கு சார் முனிரத்தினம் தருமபுரிப் பக்கத்துக்காரர், வயது இருபத்தாறு, கடலை முதன்முதலாக எங்கள் ஊரில்தான் பார்த்தார். "நேருக்கு நேரா மறிச்சா நிக்குதுங்க. சாய்வா மறிச்சா நழுவுது. அன்னிக்குப் பெஞ்சு தற்செயலா செங்குத்தா விழுந்திருக்கு" என்றார்.

"அப்ப செங்குத்தா ஒரு மண்சுவர் வச்சிருவோம்."

"வைக்கலாம். எங்க வைக்கிறது?"

இங்கேதான் சிக்கல். எங்கள் களிமண்ணில் சுவர் வைக்க ஏழு நாள் மிதிக்க வேண்டும், ஏழு நாள் காய வேண்டும். ஆகவே கிணறு இன்று நிற்கும் இடத்தில் அல்ல, இரண்டு வாரம் கழித்து வரப்போகும் இடத்தில் சுவர் தயாராக இருக்க வேண்டும். ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் போதாதா என்று கேட்கக்கூடிய வாசகர் எங்கள் உப்பு அம்பாரங்களைப் பார்த்ததில்லை. வீட்டு உயரத்துக்குக் குவித்து ஓலை வேய்ந்த அந்த வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே, கயிறும் போகாது, கண்ணும் போகாது. கிணறோ தான் வந்த தடத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, காணாத இடத்தில் ஒன்று எங்கே இருக்கும் என்று சொல்வதற்கு மனிதன் கண்டுபிடித்த ஒரே வழியைத்தான் பின்பற்ற வேண்டியிருந்தது.

"சமன்பாடு" என்றாள் வியாகம்மாள்.

"ஏ வியாகு, நீ மொதல்ல பரீச்சைல பாஸ் பண்ணு" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அளக்கத் தொடங்கினாள்.

அளப்பதற்கு உப்பளத்தில் கஷ்டமில்லை. ஊரும் உப்பளமும் ஒரே பாத்திக் கணக்கில் அமைந்தவை. வரப்புகள் எல்லாம் ஒன்று கிழக்கு மேற்காக ஓடும், அல்லது தெற்கு வடக்காக ஓடும். எங்களுக்கு நீளம் என்றால் பாத்தி, பரப்பு என்றால் பாத்தி, ஒருவர் வீடு எவ்வளவு தூரம் என்றால் ஆறு பாத்தி கிழக்கே, நாலு பாத்தி வடக்கே என்போம். தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எங்கிருந்து ஆறு, எங்கிருந்து நாலு?

இதை ஆதிப்புள்ளி என்று பாடநூல் ஒரு வரியில் கடந்துபோகிறது. உவர்க்குடியால் அப்படிக் கடக்க முடியவில்லை. மாதா கோவில் கொடிமரத்திலிருந்து எண்ண வேண்டும் என்றது தெற்குத் தெரு. அம்மன் கோவில் பீடத்திலிருந்து எண்ண வேண்டும் என்றது வடக்குத் தெரு. எங்கிருந்து எண்ணினாலும் கிணறு நிற்கிற இடத்தில்தான் நிற்கும் என்று முனிரத்தினம் சார் விளக்கியது இரு தரப்பையும் ஒருங்கே புண்படுத்தியது. மூன்று நாள் கூட்டம் நடந்தது. மூன்று நாளில் கிணறு நூற்று இருபத்தாறு தப்படி கடலுக்குப் பக்கத்தில் போயிற்று.

மூன்றாம் நாள் வியாகம்மாள் எழுந்தாள். "பஞ்சாயத்துக் கக்கூஸ்லருந்து எண்ணுவோம்" என்றாள்.

கட்டி ஒன்பது வருடமாகியும் தண்ணீர் வசதி இல்லாததால் ஒருவரும் நுழையாத அந்தக் கழிப்பறையை எந்தத் தெருவும் தன்னுடையது என்று சொன்னதில்லை. ஊரின் தென்மேற்கு மூலையில் அது சுத்தமாக, பச்சைச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு, திறப்புவிழாக் கல்வெட்டோடு நின்றது. ஒருவரும் எதிர்க்கவில்லை. கிழக்கும் பூச்சியம், வடக்கும் பூச்சியம்: உவர்க்குடியின் ஆதிப்புள்ளி அன்றிலிருந்து அதுதான்.

பழைய இடத்தில் கிணறு ஆறு கிழக்கே, நாலு வடக்கே. நாலு நாள் நடந்தபின் ஒன்பது கிழக்கே, எட்டு வடக்கே. இரண்டு புள்ளி கிடைத்துவிட்டது. அன்று சாப்பாட்டு வேளையில் வியாகம்மாள் வாருபலகையைக் கீழே வைத்துவிட்டு, உப்பு உலர்ந்து வெளிறிய விரலால் பாத்தியின் ஈர மண்ணில் எழுதினாள். மூன்று கிழக்கே போனால் நாலு வடக்கே ஏறுகிறது. சாய்வு மூன்றில் நாலு. இருபது வருடத்துக்கு முன்னால் கரும்பலகையில் அவள் விட்டுவிட்டு வந்த தலைப்புக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. இடையில் ஒரு கழித்தல் குறியைத் தவறவிட்டாள், மறுபடி அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் கிடைத்தது இது: கிழக்கை நாலால் பெருக்கு, வடக்கை மூன்றால் பெருக்கு, முதலதில் இரண்டாவதைக் கழி, பன்னிரண்டு.

ஆறு நாலு இருபத்துநாலு, நாலு மூன்று பன்னிரண்டு, கழித்தால் பன்னிரண்டு. ஒன்பது நாலு முப்பத்தாறு, எட்டு மூன்று இருபத்துநாலு, கழித்தால் பன்னிரண்டு. அன்று கிணறு நின்ற இடம் பதினைந்து கிழக்கே, பதினாறு வடக்கே. அறுபதில் நாற்பத்தெட்டு போனால் பன்னிரண்டு.

அவள் ஓடவில்லை, உப்பு வரப்பில் ஓடினால் பாதம் கிழியும். நடந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று, "சார், பன்னெண்டு" என்றாள்.

அந்தப் பன்னிரண்டை ஊர் எடுத்துக்கொண்ட விதத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. குடத்தோடு வந்த பெண்கள் முதலில் கிழக்கை எண்ணினார்கள், பிறகு வடக்கை எண்ணினார்கள், பெருக்கிக் கழித்துப் பன்னிரண்டு வந்தபிறகே வாளியை இறக்கினார்கள். பன்னிரண்டு வராத நாளில் தாங்கள் எண்ணியதுதான் தப்பு என்று மறுபடி நடந்து எண்ணினார்கள். பிள்ளைகள் பாண்டி விளையாட்டில் கடைசிக் கட்டத்துக்குப் பன்னிரண்டு என்று பெயர் வைத்தார்கள். உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பன்னிரண்டு சீடர்களைப் பற்றிப் பேசினார். அம்மன் கோவிலில் பன்னிரண்டு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பிள்ளை எப்படி என்று கேட்டபோது, "பன்னெண்டு மாறாதவன்" என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, கல்யாணம் நடந்தது.

*

சுவருக்கு இடம் குறித்தாயிற்று: இருபத்தேழு கிழக்கே, முப்பத்திரண்டு வடக்கே. கிணறு அங்கே வந்துசேரப் பதினாறு நாள் ஆகும். உப்பளக் கம்பெனி மேனேஜர் ஒரு பேச்சும் பேசாமல் அனுமதி கொடுத்தார், அவரும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். டீ அந்த வாரம் லேசாக உப்புக் கரிக்கத் தொடங்கியிருந்தது.

செங்குத்துச் சுவரின் சாய்வையும் வியாகம்மாளே கண்டாள். ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் கழித்தல் ஒன்று வர வேண்டும். கிணறு மூன்று குறுக்கே, நாலு மேலே. ஆகவே சுவர் நாலு குறுக்கே, மூன்று கீழே. வரைபடத்தாளில் வரைந்து பார்த்தார்கள். மூலைமட்டம் வைத்தால் இம்மி பிசகவில்லை. முனிரத்தினம் சார் சிவப்பு மையால் ஒரு சரி போட்டார். அந்தத் தாளை டெய்சி வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

ஊரே மிதித்தது. பாத்தி மிதிக்கிற பெண்கள் முன்னால் மிதிக்க, ஒருபோதும் மிதித்திராத ஆண்கள் பின்னால் வழுக்கி வழுக்கி விழ, முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுந்து, காய்ந்து, வெடிப்பில்லாமல் நின்றது. பதினாறாம் நாள் மூன்று மணிக்கு எல்லோரும் சுவருக்குப் பின்னால் கூடினோம். கிணறு குறித்த நாளில் குறித்த புள்ளிக்குக் குறித்தபடி வந்தது. சுவரைத் தொட்டது. ஒரு நொடி யோசித்தது என்றுகூடச் சொல்வார்கள். பிறகு சுவரை உரசிக்கொண்டே எங்களுக்கு இடது பக்கமாக வழுக்கி, நுனியைச் சுற்றி, மறுநாள் மறுபடியும் தன் கோட்டில் ஏறிக்கொண்டது.

"பத்தாங் கிளாஸ்ல ரெண்டு தடவ கோட்டைவிட்டவ கணக்க நம்பி, பதினாறு நாள் மண்ணு மிதிச்சிருக்கோம் பாத்தியா" என்றார் செல்லத்துரை. பெஞ்சு இல்லாமல் தரையில் படுத்து அவருக்கு முதுகு வலி.

"சார்தான அண்ணாச்சி சரி போட்டாரு" என்றாள் சண்முகக்கனி.

"சார் மலைநாட்டுக்காரரு. அவருக்கு உப்பு தெரியுமா?"

வியாகம்மாள் கிணற்றின் பக்கம் போனாள். புதிய இடத்தை எண்ணினாள். நாலால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, கழித்தாள். பன்னிரண்டு. கோடு சரி. அப்படியென்றால் சுவர் தப்பு. டெய்சியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, சுவர் ஓடிய வழியில் வரப்பு வரப்பாக நடந்தாள். நாலு பாத்தி குறுக்கே நடக்க நூற்று அறுபது தப்படி ஆயிற்று. மூன்று பாத்தி கீழே நடக்கத் தொண்ணூறு. நின்று யோசித்தாள். பிறகு கிணற்றின் வழியை நடந்தாள். மூன்று பாத்தி குறுக்கே நூற்று இருபது. நாலு பாத்தி மேலே நூற்று இருபது.

பத்து வயதிலிருந்து அவள் கால் அறிந்த எண்கள் அவை. ஆனால் காலைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முனிரத்தினம் சார் சுவரின் நுனியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் வரைபடத்தாள் இருந்தது.

"சார், இந்தத் தாள்ல கட்டம் சதுரம்" என்றாள் வியாகம்மாள்.

"ஆமாங்க. அதுக்கென்ன?"

"எங்க பாத்தி சதுரம் இல்ல சார். கெழக்க நாப்பது தப்படி, வடக்க முப்பது."

அவர் தாளைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். எங்கள் ஊருக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவர் பாத்தியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு ஒப்புக்கொண்டார். "இத ஏங்க முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல. எனக்கும் தோணல சார். பாத்தின்னா பாத்திதான."

இதில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. அவசரமானவர்கள் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவிவிடலாம். கட்டங்கள் சதுரமாக இல்லாவிட்டாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், அதன் சமன்பாடும் பிசகாது. அதனால்தான் பன்னிரண்டு ஒருநாளும் மாறவில்லை, ஒருவருக்கும் சந்தேகமும் வரவில்லை. செங்குத்து அப்படியல்ல. அது சதுரத்தை நம்பி வாழ்வது. நேராக இருப்பதற்குச் சதுரம் தேவையில்லை, நேருக்கு நேர் நிற்பதற்குத் தேவை. தப்படிக் கணக்கில் பார்த்தால் கிணறு எவ்வளவு கிழக்கே போகிறதோ அவ்வளவே வடக்கே போகிறது. ஆகவே சுவர் எவ்வளவு கிழக்கே போகிறதோ அவ்வளவு தெற்கே இறங்க வேண்டும். பாத்திக் கணக்கில் மூன்று குறுக்கே, நாலு கீழே. அவர்கள் போட்டதோ நாலு குறுக்கே, மூன்று கீழே. இரண்டு எண் இடம் மாறியதில் ஒரு ஊர் தாகத்துக்குப் போக இருந்தது.

*

களிமண் முடிந்து கடல் மணல் தொடங்குவதற்கு முன்னால் சுவர் தாங்கக்கூடிய கடைசி இடம் முப்பத்துமூன்று கிழக்கே, நாற்பது வடக்கே. அங்கே கிணறு போய்ச்சேர ஏழு நாள்தான் மிச்சம். அங்கிருந்து நாலே நாளில் கடல்.

"மிதிக்கவே ஏழு நாள் வேணும். காய எங்க நேரம்?" என்றார் தவசிக்கனி.

"காயாட்டா வேண்டாம்" என்றாள் வியாகம்மாள்.

"ஈரச் சுவரு நிக்குமாட்டி?"

"நிக்காது. நாம பிடிச்சுக்குவோம்."

"நீ கணக்குல மறுபடி தப்பு விட்டிருந்தா?"

"தப்படில நடந்து பாத்துட்டேன் அண்ணாச்சி. நீங்களும் நடந்து பாருங்க. பாத்துட்டு வந்து மிதிங்க."

தலைவர் நடந்து பார்த்தார். நூற்று இருபது, நூற்று இருபது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மண்ணில் இறங்கினார். செல்லத்துரை உடைந்த பெஞ்சின் பலகைகளைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். முதல் சுவருக்கு வந்தவர்களில் பாதிப் பேர்தான் இரண்டாவதற்கு வந்தார்கள். மற்றவர்கள் நெடுஞ்சாலைத் தொட்டிக்கு நடக்கப் பழகிவிட்டார்கள், டீ அவ்வளவு கரித்தது. தெற்குத் தெரு முழுக்க வந்தது. அந்த ஏழு நாளும் விடிந்ததிலிருந்து வெயில் சாயும்வரை, உப்பு தின்ற பாதங்கள் ஒன்றுபோல ஏறி ஒன்றுபோல இறங்க, நாலால் பெருக்கு மூணால் பெருக்கு என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, பன்னெண்டு பன்னெண்டு என்று மற்றவர்கள் முடிக்க, மண் குழைந்து, குழைந்த மண் சுவராகி, சுவர் சாயச் சாய மறுபடி நிமிர்ந்துகொண்டே இருந்தது. டெய்சி மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் மிதிக்க வந்தாள். நாலாம் நாள் வியாகம்மாள் அவளை மண்ணிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கி வரப்பில் நிறுத்தினாள்.

"எதுக்கு மிதிக்கேன்னு நெனச்ச? நீ போகத்தான். போ."

"கால் எல்லாம் மண்ணாருக்கும்மா."

"இருக்கட்டும். வாத்தியார் கேட்டா சுவருன்னு சொல்லு."

ஏழாம் நாள் மூன்று மணிக்குச் சுவர் இடுப்பளவு உயரத்தில் ஈரமாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. கிணறு வரும் இடத்தில் சுவருக்குப் பின்னால் இருபது பெண்கள் முதுகைச் சுவரில் சாய்த்து, காலை மணலில் ஊன்றி, கடலைப் பார்த்து நின்றார்கள். கிணற்றைப் பார்த்து நின்றால் பயம் வரும் என்று சண்முகக்கனி சொன்னதால் அப்படி. நடுவில் வியாகம்மாள்.

முதலில் கப்பி கிறீச்சிட்டது கேட்டது. பிறகு வாளி கிணற்றின் சுற்றுச்சுவரில் மோதிக்கொண்டு வரும் சத்தம். பிறகு அவள் முதுகில் ஈரம் குளிர்ந்தது, மண் அரை விரற்கடை உள்ளே நெகிழ்ந்தது; நெகிழ்ந்த இடத்தில் இருபது முதுகும் ஒரு முதுகாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தோள்பட்டைக்கு நேராக, ஆழத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. இடது பக்கமாக வழுக்கும் என்று அவள் காத்திருந்தாள். வலது பக்கமாக வழுக்கும் என்று காத்திருந்தாள். கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. தளும்பல் அடங்கியது.

"நின்னுட்டு" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முனிரத்தினம் சார். ஒன்றரை வருடத்தில் அவர் பேசிய முதல் உவர்க்குடித் தமிழ் அதுதான்.

சண்முகக்கனி சுவரைச் சுற்றிப் போய் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினாள். "கரிக்கி" என்றாள். "ஆனா குடிக்கலாம்."

மறுநாள் மூன்று மணிக்குக் கிணறு திரும்பி நடந்தது.

இதை யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. போட்டிருக்கலாம்: நாலு கிழக்கு கழித்தல் மூன்று வடக்கு சமம் பன்னிரண்டு என்பதில் அம்புக்குறி எதுவும் கிடையாது. கோடு கடலுக்குப் போகிறது என்று சொன்னவர்கள் நாங்கள்தான். கோடு அப்படிச் சொன்னதே இல்லை. வந்த வழியே நாளுக்கு நாற்பத்திரண்டு தப்படியாக, பழைய கோணல் சுவரையும் உரசிக் கடந்து, கரிப்பு குறையக் குறைய, கிணறு ஊருக்கு வந்து, சண்முகக்கனியின் அடுப்படியில் ஒரு நாள் தங்கி, தன் பழைய இடத்தில் நெருஞ்சியின் மேல் ஒரு நாள் நின்று, அதையும் தாண்டித் தென்மேற்காகப் போயிற்று. அதன் கோடு அடுத்து எங்கே போகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். வடக்கு பூச்சியமாகும்போது கிழக்கு மூன்று. கக்கூஸிலிருந்து மூன்று பாத்தி கிழக்கே: தெற்குத் தெருவின் கடைசியில், பள்ளிக்கூடத்து முற்றம். கிணறு வெட்டிய நாளிலிருந்து தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேர்ந்த இடம்.

அங்கே கிணறு வருமுன்பே ஒரு சுவர் வைத்திருந்தோம், மூன்று குறுக்கே நாலு கீழே, நிதானமாகக் காயவிட்டு. மறுமுனையில் வடக்குத் தெருவுக்கு அப்பால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கிணறு இன்றைக்கும் எட்டு நாள் போகிறது, எட்டு நாள் வருகிறது; எந்தத் தேதியில் எந்த வீட்டு வாசலில் என்று பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது. வடக்குத் தெரு முன்னால், தெற்குத் தெரு பின்னால் என்ற வரிசை, கிணறு திரும்பி வரும் நாட்களில் எது முன் எது பின் என்று தெரியாமல் குழம்பி, ஒரு மாதத்தில் கைவிடப்பட்டது. அதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை.

அந்த வருடம் ஜூலை மாதத்துத் துணைத்தேர்வை வியாகம்மாள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே, முந்தின நாள் வந்துசேர்ந்த கிணறு சுவரோரம் நின்றது. அதைத் தாண்டி அடுத்த கட்டடத்தில் ஒன்பதாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ எழுந்து நிற்கச் சொல்ல, டெய்சியின் குரல் ஏதோ பதில் சொன்னது. ஜன்னலில் குடத்தோடு யாரும் வந்து நிற்கவில்லை.

முப்பத்தொன்பதாவது வினா, கொடுக்கப்பட்ட கோட்டுக்குச் செங்குத்தாகவும் கொடுக்கப்பட்ட புள்ளி வழியாகவும் செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் கேட்டது. வியாகம்மாள் பேனாவை எடுத்து முதல் வரியாக எழுதினாள்: 'இங்கே கட்டங்கள் சதுரம் என்று கொள்கிறேன்.' அதன் கீழே, ஒரு கழித்தல் குறியையும் தவறவிடாமல், மற்ற வரிகளை எழுதினாள்.

தேர்வறைக் கண்காணிப்பாளர் வெளியூர்க்காரர். தேர்வரின் தாளைப் பார்த்து அவர் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி; ஆனாலும் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்த மொத வரிக்கு மார்க் கெடையாது. வேணும்னா அடிச்சிருங்க."

"தெரியும் சார்" என்றாள் வியாகம்மாள். "இருக்கட்டும்."